நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிற பயிற்சி: கர்ப்பகாலத்தில் ஓய்வு, வீட்டு வேலை, நடை, யோகா, ஜிம், நீச்சல் – ஓர் ஒப்பீடு

மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்த அன்று, அறிக்கையைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், "எல்லாம் சரியா இருக்கு, தினமும் கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். என்ன பயிற்சி, எவ்வளவு நேரம் என்று கேட்பதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று மாலையே வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாலே சுகப்பிரசவம் ஆகிவிடும், தனியாகப் பயிற்சி எதற்கு என்றார் அவளுடைய மாமியார். தலைச்சன் பிள்ளை, மாடிப்படிகூட ஏறக் கூடாது என்று தொலைபேசியில் பதறினார் எங்கள் அம்மா. அலுவலகத் தோழி ஒருத்தி கர்ப்பிணிகளுக்கான யோகா வகுப்பின் முகவரியை அனுப்பினாள். திருமணத்துக்கு முன்பிருந்தே ஜிம்முக்குப் போய்ப் பழகிய தங்கைக்கோ அதை விட மனமில்லை. "அக்கா, நீயே படிச்சுப் பாத்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டாள்.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவ அமைப்புகள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டுதல்களைப் படித்து, அவற்றை அவளுடைய வீடு, தெரு, வெயில், உடல்நிலை ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்ததுதான் நான் செய்தது. அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பயிற்சி என்று யோசிப்பதற்கு முன்னால், பயிற்சியே கூடாத நிலைகள் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடுமையான இதய நோய் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள், கருப்பை வாய் பலவீனமாக இருப்பதால் தையல் போடப்பட்டவர்கள், இரத்தப்போக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருப்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், குறைமாதத்தில் பிரசவ வலி கண்டவர்கள், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலையில் இருப்பவர்கள், 26 வாரங்களுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆகியோர் இந்தக் கட்டுரையை வைத்து எதையும் தொடங்கக் கூடாது. அவர்களுடைய மருத்துவர் சொல்வதே அவர்களுக்கான விதி. ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது" என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலரும் கலங்கிப் போகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கருப்பை வளர வளர அது மேலே நகர்ந்துவிடும். ஆனாலும் அடுத்த ஸ்கேனில் அது உறுதியாகும் வரை, எதைச் செய்யலாம் என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்வதே சரி.

நம் நாட்டில் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று இரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருக்கிறது. ஹீமோகுளோபின் 11க்கு மேல் இருக்கும் பெண்ணுக்கு இதமான நடையாக இருப்பது, 8 இருக்கும் பெண்ணுக்கு மூச்சிரைப்பும் படபடப்பும் தருகிற சுமையாகிவிடும். 7க்குக் கீழே இருந்தால் முதலில் சிகிச்சை, பயிற்சி பிறகுதான். வழிகாட்டி நூல்கள் இந்த நிலையைப் பட்டியலில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன; நம் ஊரில் அது முதல் வரியாக இருக்க வேண்டும். தங்கையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 10.4 என்று இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, மெதுவாகத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மற்றவற்றைப் பேசத் தொடங்கினோம்.

இப்படிப்பட்ட தடை எதுவும் இல்லாதவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் இதே அளவைத்தான் சொல்கிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். முன்பு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

"மிதமான" என்பதை எப்படி அளப்பது என்பதில்தான் பழைய அறிவுரை ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்று 1985இல் அந்த அமெரிக்க அமைப்பு ஓர் எல்லை வைத்தது. 1994இல் அதை அதுவே கைவிட்டது. கர்ப்பகாலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது, சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை அதிகமாகிறது. அதனால் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை வைத்து உழைப்பை அளக்க முடிவதில்லை. பேச்சுதான் இதற்கு நம்பகமான அளவுகோல். பயிற்சியின் நடுவே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். வாக்கியம் நடுவில் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பயன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். கர்ப்பகாலத்தில் பயிற்சி செய்பவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தக் கோளாறுகளும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதப்பட்ட கனடா நாட்டின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. சர்க்கரை நோய் எளிதில் வரக்கூடிய நமக்கு இது சின்னச் செய்தி அல்ல. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கிறார்களே, அந்த ஒற்றைப் பரிசோதனை முறையைச் சென்னையின் மருத்துவர் வி. சேஷையா முன்னின்று பரப்பியதே, இந்த நோய் இங்கே அவ்வளவு பரவலாக இருப்பதால்தான். அதில் 140 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு நடையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். பயிற்சிகளின் பெயர்களை எழுதி வைத்து நல்லது, கெட்டது என்று பிரிக்க முயன்றபோது எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒரே நடை ஒருத்திக்கு நல்லதாகவும் இன்னொருத்திக்குக் கெடுதலாகவும் இருந்தது. பிறகுதான், ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: உடம்பு போதும் என்று சொல்கிற அந்த நொடியில், யாரிடமும் அனுமதி கேட்காமல், எதுவும் கெட்டுப்போகாமல், இதை நிறுத்த முடியுமா? கர்ப்பகாலத்தில் ஆபத்து பெரும்பாலும் அறிவித்துவிட்டுத்தான் வருகிறது. தலை லேசாகச் சுற்றும், அடிவயிறு இறுகும், மூச்சு வாங்கும். அறிவிப்பு வந்த பிறகும் தொடர வேண்டிய நிலைமைதான் கெடுதல் செய்கிறது.

இந்தக் கேள்வியை முதலில் ஓய்வுக்கே போட்டுப் பார்க்கலாம். எங்கள் அம்மா சொன்ன முழு ஓய்வு பாதுகாப்பானதுபோலத் தோன்றினாலும், காரணமில்லாத படுக்கை ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. பொதுவாக அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. கர்ப்பகாலத்தில் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருப்பதால், நாள்கணக்கில் படுத்தே இருப்பது கால்களின் இரத்தக்குழாய்களில் இரத்தக்கட்டி உருவாகும் அபாயத்தைக் கூட்டுகிறது, தசைகளும் தளர்ந்துபோகின்றன. அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் அவருக்கு ஒரு கரு தங்காமல் போனது. அன்று மாடி ஏறியதுதான் காரணம் என்று யாரோ சொன்னதை இன்றுவரை அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். தொடக்க வாரங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறுகளே, மாடிப்படி அல்ல. இதை அவரிடம் நிதானமாக எடுத்துச் சொன்னபோது அவர் பதில் எதுவும் பேசவில்லை. ஆனால் அதன் பிறகு தங்கையைப் படி ஏறாதே என்று சொல்லவும் இல்லை.

வீட்டு வேலையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் பயிற்சிக்கு மாற்றாக முதலில் முன்வைக்கப்படுவது அதுதான். தங்கையின் மாமியாரான அத்தை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் துவைகல்லும் இருந்த காலத்தில் பெண்களின் தொடைகளும் இடுப்பும் நாள் முழுவதும் உழைத்தன. இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வீட்டு வேலையும் உடலியக்கமே. குந்தி உட்கார்ந்து எழுவது தொடைத் தசைகளுக்கு நல்ல பயிற்சிதான்.

ஆனால் ஒரு நாள் காலையில் தங்கை வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தரை துடைக்கக் குந்தி உட்கார்ந்தவள் வலது கையால் துணியைத் தள்ளியபடி ஒரு பக்கமாகவே நகர்ந்து போனாள். எடை முழுவதும் இடது காலில் இருந்தது. பாதி அறை முடிந்தபோது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். குக்கரில் மூன்றாவது விசில் வந்தது. ஈரத் தரையில் வெறுங்காலோடு எழுந்து ஓடி அடுப்பை அணைத்தாள், திரும்பி வந்து மீதி அறையையும் துடைத்தாள். பாதி துடைத்த அறையை அப்படியே விட்டுவிட்டுப் படுக்க எந்த மருமகளுக்கும் மனம் வராது. அதற்குப் பிறகு தெருக்குழாயில் இருந்து இரண்டு குடம் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கிலோ. அதை ஒரு பக்க இடுப்பில் ஏந்தி நடந்தாள்.

கர்ப்பகாலத்தில் சுரக்கும் ரிலாக்சின் உள்ளிட்ட ஹார்மோன்களால் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் நெகிழ்ந்துபோகின்றன. இடுப்பு எலும்புகள் சேரும் இடங்களில் வலி காணும் பெண்களுக்கு, ஒரு பக்கமாக எடை தாங்கும் அசைவுகள்தான் அந்த வலியை அதிகமாக்குகின்றன. குடமும், ஒருக்களித்த நிலையில் துடைப்பதும் அப்படிப்பட்ட அசைவுகளே. அதைவிட முக்கியமாக, வீட்டு வேலை அவள் மூச்சைப் பார்த்து நிற்பதில்லை, வேலை முடிந்தால்தான் நிற்கிறது. அடுப்படிச் சூட்டில் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்கும்போது இரத்தம் கால்களிலேயே தங்கித் தலைசுற்றலும் வருகிறது. ஆகவே என் முடிவு இது: வீட்டு வேலையை உடலியக்கமாக எண்ணிக்கொள்ளலாம், பயிற்சிக்கு மாற்றாக எண்ணக் கூடாது. துடைப்பதற்கு நீளக் கம்பு வைத்த மாப், குடத்துக்குப் பதிலாக இரண்டு கைகளிலும் சமமாகத் தூக்கும் சிறு வாளிகள், குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது என்று மாற்றிக்கொண்டால் அதுவே பெரிய நன்மை. தண்ணீர்க் குடத்தை வீட்டு ஆண்கள் தூக்கலாம் என்பதை நான் வெளிப்படையாகவே அத்தையின் முன்னால் சொன்னேன். மறுநாளிலிருந்து தங்கையின் கணவர் தூக்குகிறார்.

இதே காரணத்தால்தான் கூலி வேலை செய்யும் பெண்களை நினைத்து மனம் கனக்கிறது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வயலிலும் நிற்கும் கர்ப்பிணிக்கு நினைத்தபோது நிழலுக்குப் போக முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. "அந்தக் காலத்தில் வயலிலேயே பிள்ளை பெற்றார்கள்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பெற்றதை மட்டும்தான் நாம் கதையாகக் கேட்டிருக்கிறோம், இழந்ததைக் கேட்டதில்லை.

வெப்பம் பயிற்சி செய்பவர்களுக்கும் பொருந்தும். கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் மூடிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் தாயின் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நல்லதல்ல. மிதமான நடை அவ்வளவு வெப்பத்தை உண்டாக்காது. ஆனால் கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு நடப்பதும், அறையைச் சூடாக்கிச் செய்யும் யோகா வகுப்புகளும் கர்ப்ப காலம் முழுவதுமே வேண்டாம்.

நடைக்கு வருவோம். செலவில்லை, கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கர்ப்பத்தின் கடைசி வாரம் வரை செய்யலாம். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதைத் தணிக்கிறது என்பதால், சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலையில் ஒரே தடவை நீளமாக நடப்பதைவிட மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் சிறிது சிறிதாக நடப்பது கூடுதல் நன்மை தரும். இருந்தாலும் நடையும் என் கேள்விக்கு முழுமையாகத் தேறவில்லை. தெருவில் ஒன்றரைக் கிலோமீட்டர் போன பிறகு தலை சுற்றினால், நிறுத்தலாம்; ஆனால் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உடைந்த நடைபாதை, குறுக்கே வரும் நாய், ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போகும் பைக் எல்லாம் சேர்ந்தால், வயிறு முன்னால் தள்ளி எடையின் மையம் மாறிப்போன ஒருத்திக்கு விழும் அபாயம் மெய்யானது. அதனால் தெருவைவிடப் பூங்காவின் சுற்றுப்பாதை நல்லது, அதைவிடவும் மொட்டை மாடி நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. காலை ஆறு மணிக்கு, தரை காய்ந்திருக்கும்போது, பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் இல்லாமல் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு, கையில் தண்ணீர் பாட்டிலும் தொலைபேசியும் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்த மாடியைவிட வீட்டுக் கூடமே மேல்.

நடைக்கு ஒரு குறை உண்டு. முதுகு, தோள், தொடை ஆகியவற்றுக்குப் போதிய வலு அதில் கிடைப்பதில்லை. பிள்ளை பிறந்த பிறகு மூன்று கிலோவை ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்கி இறக்கப்போகிறோம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த வலுவின் அருமை தெரியும். அதற்குத்தான் யோகாவும் ஜிம்மும்.

யோகா என்றாலே பாதுகாப்பு என்று நாம் நம்பிவிடுகிறோம். யோகாவில் கர்ப்பிணிக்கு இதமானவையும் இருக்கின்றன, அறவே ஆகாதவையும் இருக்கின்றன. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜரி ஆசனம் முதுகுவலிக்கு நல்லது. பட்டாம்பூச்சிபோல் தொடைகளை விரித்து அமரும் பத்தகோணாசனம், சுவரில் சாய்ந்து செய்யும் அரை உட்கட்டாசனம், மூச்சை அடக்காமல் செய்யும் நாடிசுத்தி ஆகியவையும் அப்படியே. குப்புறப் படுத்துச் செய்யும் தனுராசனம், தலைகீழாகச் செய்யும் சர்வாங்காசனம், வயிற்றை முறுக்கும் ஆசனங்கள், மூச்சை வேகமாகத் தள்ளிச் செய்யும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை உள்ளேயே நிறுத்தும் கும்பகம் ஆகியவை வேண்டாம். தசைநார்கள் நெகிழ்ந்திருப்பதால் இப்போது கால் முன்பைவிட எளிதாக வளையும். அதை முன்னேற்றம் என்று எண்ணிக் கூடுதலாக வளைத்தால் மூட்டுதான் பாதிக்கப்படும். இது பலருக்கும் தெரிவதில்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. தங்கையுடன் நான் இரண்டு இடங்களுக்குப் போனேன். முதல் இடத்தில் கட்டணத்தைச் சொன்னார்கள், நேரத்தைச் சொன்னார்கள், சுகப்பிரசவம் நிச்சயம் என்றும் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் ஆசிரியை முதலில் எத்தனை வாரம் என்று கேட்டார், பிறகு ஸ்கேன் அறிக்கையையும் மருத்துவர் அனுமதித்தாரா என்பதையும் கேட்டார், கடைசியாக, "நடுவுல முடியலைன்னா அப்படியே இடது பக்கமாப் படுத்துக்கணும், கேக்கவெல்லாம் வேண்டாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முடிவு எடுத்துவிட்டோம். சுகப்பிரசவத்துக்கு உறுதி தருபவர்களை நம்ப வேண்டாம். பயிற்சி செய்பவர்களுக்குச் சிசேரியன் வாய்ப்பு ஓரளவு குறைவதாக ஆய்வுகள் காட்டினாலும், 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியனாக இருந்ததற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பயிற்சி செய்தும் சிசேரியன் ஆகிவிட்டதே என்று ஒரு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும்படி ஆகக் கூடாது.

ஜிம்மைப் பொறுத்தவரை, முன்பே பழகியவரா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பழகியவர்கள் சில மாற்றங்களோடு தொடரலாம். புதிதாகத் தொடங்குவதற்கு இது காலமல்ல என்பது என் கருத்து. எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது; தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். ஏறத்தாழ 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் கனத்த கருப்பை உடலின் கீழ்ப்பகுதியில் இருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. தலைசுற்றலும் வியர்வையும் வந்தால் உடனே பக்கவாட்டில் திரும்பிப் படுக்க வேண்டும். குதித்தல், வயிற்றுக்கான கிரஞ்சஸ், பாரமான பார்பெல் ஆகியவற்றை விட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்து இரண்டு கிலோ டம்பெல்லைத் தூக்குவதும் ரப்பர் பட்டையை இழுப்பதுமே போதும். டிரெட்மில்லைவிடத் தரையில் நடப்பது மேல், ஏனெனில் டிரெட்மில் நாம் நின்றாலும் நிற்பதில்லை. தங்கையின் ஜிம்மில் பயிற்சியாளர் எல்லோரையும் "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று உற்சாகப்படுத்துவார். மற்ற நாள்களில் அது நல்ல பழக்கம். இந்த நாள்களில் அந்தக் குரல் கேட்காத இடமே அவளுக்கு வேண்டியிருந்தது. டம்பெல்லை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

நீச்சல் பல வகையில் எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்றே சொல்ல வேண்டும். மார்பளவு தண்ணீரில் நிற்கும்போது கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே தாங்குகின்றன. இடுப்புவலிக்கும் கால் வீக்கத்துக்கும் அது பெரிய ஆறுதல், உடலும் சூடேறாது. ஆனால் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், குளோரின் சரியாகப் போடும் குளம் பக்கத்தில் இருக்க வேண்டும், பெண்களுக்கென்று நேரம் இருக்க வேண்டும், வழுக்காத படிகளும் கைப்பிடியும் இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் இடம் எங்களுக்கு அருகில் இல்லை. கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள்கூட இந்த மாதங்களில் அங்கே இறங்க வேண்டாம். குதிப்பதும் வழுக்குவதும் மட்டுமல்ல, தண்ணீரின் சுத்தமும் கேள்விக்குரியது.

ஒரு சின்னக் குறிப்பு. மதுரைக்காரர்கள் ஏழாம் மாதத்துக்கு முன்னால் கொடைக்கானல் போய்வருவது உண்டு. சமவெளியில் வாழும் கர்ப்பிணிகள் 6,000 அடி உயரம் வரை உடற்பயிற்சியைத் தாங்குகிறார்கள் என்பதே வழிகாட்டுதல்களில் சொல்லப்பட்டிருப்பது. கொடைக்கானல் அதைவிட உயரம். போகலாம், ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். அங்கே போய் ஏற்றத்தில் வேகநடை வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே செய்ய வேண்டியது இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்ளிழுத்துச் சில நொடி பிடித்துப் பிறகு முழுமையாகத் தளர்த்த வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகக் கூடாது. பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் பெண்கள் எத்தனையோ பேர்; அவர்களில் பலருக்கு இது முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எந்தப் பயிற்சியானாலும் உடனே நிறுத்தி மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டிய அறிகுறிகள் இவை: இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விட்டுவிட்டு ஒரே சீராக வரும் வலி, குறையாத வயிற்றுவலி, நெஞ்சுவலி, பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சிரைப்பு, மயக்கம், கடும் தலைவலி, நிலைதடுமாறும் அளவுக்குத் தசைச் சோர்வு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றை எழுதித் தங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். அவளுக்காக மட்டுமல்ல, "கொஞ்சம் படு, சரியாப் போயிடும்" என்று சொல்லக்கூடிய மற்ற எல்லோருக்காகவும்.

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது ஒன்றை அல்ல. காலையில் மாடியில் 20 நிமிட நடை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூடத்தில் 10 நிமிடம், வாரத்தில் இரண்டு நாள் அந்த யோகா வகுப்பு, இடைப்பட்ட நாள்களில் டம்பெல். இந்தத் திட்டம் ஏழாம் மாதம் வரை அப்படியே நடந்தது. எட்டாம் மாதத்தில் இடுப்பின் முன்பக்க எலும்பில் வலி தொடங்கியதும், நடையைப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, அடிகளைச் சிறிதாக்கிக்கொண்டாள். வகுப்பில் ஆசிரியை அவளை நாற்காலியில் உட்கார்ந்தே செய்ய வைத்தார். இப்போது 34 வாரம். போன வாரம் நான் போயிருந்தபோது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. யார் போட்டது என்று கேட்டேன். "அத்தைதான் தூக்கிட்டு வந்து போட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நான்காவது சுற்றின் பாதியில் அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.